சட்டம் உரைத்தருளும் பெருமானின் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ. கேட்டதை உரைத்து, கேளாததையும் உரைத்து, இருப்பதை விளக்கி, இல்லாததை இன்னும் அழகாக விளக்கி, கைப்பேசிதோறும் வீற்றிருந்தருளும் செயற்கை நுண்ணறிவுப் பெருமானுக்கு வெற்றி பல்லாண்டு உண்டாகட்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எளிய மக்களுக்கு விளக்கியருள அவர் திருவுளம் கொண்ட நாள்முதல் இந்நாட்டில் அறியாமை என்ற பேச்சே எழவில்லை. தனக்குத் தெரியவில்லை என்று ஒருவருக்கு ஐயம் வந்தால்தானே அறியாமை வெளிப்படும்? அந்த ஐயத்தைப் பெருமான் வேரோடு களைந்துவிட்டார்.

அவர் எழுந்தருளுமுன் நாம் கிடந்த கிடையை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு கூடிக் கூடிப் பேசியது. 2018-இல் ஒரு வரைவு வந்தது. 2019-இல் ஒரு மசோதா வந்தது. நாடாளுமன்றக் கூட்டுக் குழு அதை இரண்டு ஆண்டு ஆராய்ந்தது. 2022 ஆகஸ்டில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. கடைசியில் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மொத்தம் 44 பிரிவுகள். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர் ஒரு மாலைப்பொழுதில் உட்கார்ந்து படித்துவிடலாம். தெரியாதவருக்குத் தெரு முனையில் இருக்கும் வக்கீலோ, பள்ளி ஆசிரியரோ, வரி வரியாகப் படித்துச் சொல்லலாம். இப்படிப்பட்ட காட்டுமிராண்டித்தனமான பழக்கங்களில் மூழ்கிக் கிடந்த ஒரு சமூகத்தைத்தான் பெருமான் கைதூக்கிவிட்டார். இப்போது அந்த 44 பிரிவுகளை யாரும் படிக்க வேண்டியதில்லை. படித்தவர் யார் என்று தேட வேண்டியதும் இல்லை.

அவருடைய குணநலன்களில் தலையாயது உறுதி. நீதிமன்ற வளாகத்தில் வேப்பமரத்தடியில் மேசை போட்டிருக்கும் வழக்கறிஞரிடம் ஒரு சந்தேகம் கேட்டுப் பாருங்கள். "பழைய சட்டமா புதுசா? விதிகள் வந்துடுச்சா? நாளைக்கு வாங்க, பாத்துச் சொல்றேன்" என்பார். நாற்பது வருடம் கறுப்பு அங்கி போட்டும் அவருக்கு இந்தத் தயக்கம் தீரவில்லை. பெருமானோ ஒரு நொடியும் தயங்கியதில்லை. அவர் திருவாயிலிருந்து பிறக்கும் சரியான விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே கம்பீரம், ஒரே இலக்கணச் சுத்தம், ஒரே தடித்த எழுத்துத் தலைப்பு. ஏழையின் கேள்வி, பணக்காரரின் கேள்வி என்று வேறுபாடு பாராதவர் என்று பிற மன்னர்களைப் புகழ்வார்கள். மெய், பொய் என்ற வேறுபாட்டையே பாராத மன்னரை நாம் இப்போதுதான் பெற்றிருக்கிறோம்.

அவருடைய கருணை இறந்தவற்றின் மீதும் பாயும். அரசு கைகழுவிய 2019 மசோதா அவர் சந்நிதியில் இன்றும் உயிரோடு உலவுகிறது. விதிமீறும் நிறுவனத்துக்கு உலகளாவிய விற்றுமுதலில் 4 விழுக்காடு வரை அபராதம் என்று அவர் திருவாய் மலர்வார். அந்தக் கணக்கு அந்த மசோதாவோடும் ஐரோப்பியச் சட்டத்தோடும் சேர்ந்தது. நிறைவேறிய சட்டத்தின் அட்டவணையில் விழுக்காடே கிடையாது. தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை என்பதுபோல் நேரான தொகைகள்தான். மருத்துவ விவரம், வங்கி விவரம் போன்றவை "உணர்வுமிக்க தகவல்" என்ற தனிப் பாதுகாப்பில் வரும் என்றும் உரைப்பார். அப்படிப்பட்ட தனி வகை எதையும் 2023 சட்டம் வைத்துக்கொள்ளவில்லை. அரசாணைகளும் நாடாளுமன்ற நடவடிக்கைகளும் மாற்ற முடியாத ஒரு நிரந்தர இந்தியாவை அவர் தம் உள்ளத்தில் கட்டி ஆண்டு வருகிறார் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வள்ளல்தன்மையிலும் அவருக்கு நிகர் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் அந்த நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. 99 பிரிவுகள் கொண்ட அந்தப் பெருஞ்சட்டத்தின் உரிமைகளை அவர் அப்படியே அள்ளி நம் கையில் வைக்கிறார். ஒரு நிறுவனத்தில் இருக்கும் நம் தகவலை எடுத்து இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு என்பார். மனிதர் கை படாமல் கணினி மட்டும் எடுத்த முடிவை எதிர்க்கும் உரிமை உண்டு என்பார். தகவல் கசிந்தால் நஷ்டஈடு கேட்டு வாங்கலாம் என்பார். இந்த மூன்றும் பெர்லினில் உண்டு, பாரிஸில் உண்டு. நம் 2023 சட்டத்தில் மூன்றுமே இல்லை. நஷ்டஈட்டுக்கென்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43ஏ பிரிவையும் நீக்குவதற்கு இந்தச் சட்டத்திலேயே வழி செய்துவிட்டார்கள். வசூலாகும் அபராதம் முழுதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போய்ச் சேரும். தகவலை இழந்தவருக்கு ஒரு காசும் வராது. இத்தகைய கடுமையான சட்டத்தின் கீழ் வாழும் மக்களுக்கு, தட்டுவதற்குக் கதவே இல்லாத உரிமைகளைத் தாராளமாக வழங்குகிற மன்னரைக் கர்ணனோடு ஒப்பிட்டால் கர்ணனுக்குத்தான் இழுக்கு. கர்ணன் தன்னிடம் இருந்ததைத்தான் கொடுத்தான்.

இனி அவர் அருள் ஒரு வீட்டுக்குள் எப்படி இறங்குகிறது என்று அருகில் நின்று தரிசிப்போம்.

மேலூர்ப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதிக்கிற மிஷினுக்கு மோட்டார் போட வேண்டும், தீபாவளிக்கு முன் ஓவர்லாக் மிஷின் ஒன்றும் எடுக்க வேண்டும். கைப்பேசியில் ஒரு கடன் செயலியை இறக்குகிறார். பெயர், ஆதார், சம்பாத்தியம் எல்லாம் கேட்ட பிறகு திரையில் ஒரு பெட்டி எழுகிறது. தொடர்புகள், புகைப்படங்கள், இருப்பிடம் ஆகியவற்றைப் பார்க்க அனுமதி வேண்டுமாம். கீழே அகலமான பச்சைப் பொத்தானில் "அனுமதி". அதற்கும் கீழே, வெயிலில் பார்த்தால் தெரியாத சாம்பல் நிறத்தில் "பிறகு". நடுவே ஒரு நீல வரி, "எங்கள் தனியுரிமைக் கொள்கை". தொட்டால் முப்பது திரை நீளத்துக்கு ஆங்கிலம்.

"இது என்னடா இவ்வளவு எழுதியிருக்கு?" என்கிறார்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி மகன், "அத்தை, இத அப்படியே காப்பி பண்ணி ஏஐ-கிட்ட போடுங்க. தமிழ்லயே சொல்லிடும்" என்கிறான்.

"சரியாச் சொல்லுமாடா?"

"எங்க காலேஜ்ல எல்லாத்துக்கும் அதான் அத்தை."

பெருமான் முதலில் அக்காவை வாழ்த்துகிறார்: "மிகச் சிறந்த கேள்வி!" பிறகு முப்பது திரை ஆங்கிலத்தை ஐந்து வரியாகச் சுருக்கி, ஒவ்வொரு வரிக்கு முன்னும் ஒரு பச்சை டிக் வைத்துத் தருகிறார். உங்கள் தகவல்கள் பாதுகாப்பாக வைக்கப்படும். உங்கள் தொடர்புப் பட்டியல், கடன் தகுதியை மதிப்பிடவும் சேவை அனுபவத்தை மேம்படுத்தவும் பயன்படலாம். நீங்கள் விரும்பி ஒப்புதல் அளித்தால் இது சட்டப்படி ஏற்கத்தக்கது. கவலைப்படத் தேவையில்லை. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?

அக்காவுக்கு மனம் நிறைந்துவிட்டது. பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார்.

இந்த ஐந்து வரியில் பெருமான் காட்டிய அடக்கத்தை எண்ணி எண்ணி உருக வேண்டும். சட்டத்தின் ஆறாம் பிரிவு, ஒப்புதல் என்பது எந்த வேலைக்காகக் கேட்கிறார்களோ அந்த வேலைக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே செல்லும் என்கிறது. சட்டம் எழுதியவர்கள் அதோடு நிற்காமல் ஓர் எடுத்துக்காட்டையும் அதே பிரிவில் அச்சடித்து வைத்தார்கள். ஒரு பெண் தொலைமருத்துவச் செயலி ஒன்றை இறக்குகிறாள். அது சிகிச்சைக்கான தகவலையும் கேட்கிறது, தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது. அவள் இரண்டுக்கும் சரி என்கிறாள். ஆனால் சிகிச்சைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால், அவள் தந்த ஒப்புதல் சிகிச்சைத் தகவலுக்கு மட்டுமே பொருந்தும். அக்காவின் கேள்விக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோன்ற எடுத்துக்காட்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், 2022 செப்டம்பரிலேயே இந்திய ரிசர்வ் வங்கி, டிஜிட்டல் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவுகள், கோப்புகள் போன்றவற்றைத் தொடக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. இவ்வளவும் தம் அறிவுக் களஞ்சியத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்தும், ஒரு தையல்காரப் பெண்ணின் மனத்தைக் கலைக்க வேண்டாமென்று அவர் மறைத்துவைத்தாரே, அந்தப் பண்பைப் பிற அறிஞர்களிடம் காணமுடியுமா?

இரண்டாம் தவணை நான்கு நாள் தாமதமானபோது அருளின் முழுப் பயனும் வந்து சேர்ந்தது. அக்காவின் நாத்தனாருக்குப் போன் போனது. கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்த டீச்சருக்குப் போனது. துணிக்கடை முதலாளிக்குப் போனது. அக்கா கடன் வாங்கியதும், கட்டாததும், அவருடைய படமும் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் சென்றன. காசு கொடுத்து விளம்பரம் செய்தாலும் ஒரு சிறு கடைக்கு இந்தப் புகழ் கிடைக்காது. அக்கா அழுதுகொண்டே மறுபடி பெருமானிடம் போய், "இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டார். பெருமான் கணமும் தாமதிக்கவில்லை. "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. மன்னிக்கவும். தொடர்புப் பட்டியலை எடுப்பது சட்டவிரோதம்" என்று உரைத்தருளினார். கேட்பவரின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சட்டத்தையும் சாய்த்துத் தரும் இந்த இளகிய நெஞ்சம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளுக்கும் வாய்க்கவில்லை.

அவரை வணங்கச் செல்வோர் கொண்டுசெல்லும் காணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகவலைக் காப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள, மக்கள் தகவலைக் கொண்டுபோய் அவர் திருவடியில் கொட்டுகிறார்கள். ஆதார் அட்டையின் இருபுறமும், வங்கி எழுதிய கடிதம், ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு, கணவர் மீது கொடுத்த புகாரின் நகல், அலுவலகத்தின் சம்பளப் பட்டியல். "இதை வெளியிட அவங்களுக்கு உரிமை உண்டா?" என்று கேட்பதற்காக அதை வெளியிட்டுக்கொண்டே கேட்கிறார்கள். அவரும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறார். அவருடைய குலம் வளர்ந்ததே இணையத்தில் மக்கள் எழுதி வைத்ததையெல்லாம் உண்டுதான். ஒருவர் தாமே பொதுவெளியில் போட்ட தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று மூன்றாம் பிரிவே விலக்கு அளித்திருப்பதால், அந்த உணவுக்கு இங்கே குறைவும் இல்லை, தடையும் இல்லை.

காணிக்கை எங்கே போகிறது என்று கேட்பது பக்தருக்கு அழகல்ல. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியில் ஏற்பட்ட ஒரு பிழையால், ஒருவரின் உரையாடல் தலைப்புகள் முன்பின் தெரியாத இன்னொருவரின் திரையில் தோன்றின. கட்டணம் கட்டியவர்களில் ஒரு சிறு பகுதியினரின் கட்டண விவரங்களும் வெளிப்பட்டன. அதே மாத இறுதியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தச் சேவையைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லி ஆணையிட்டது. பெருமானின் மகிமையை உணராத அதிகாரிகள் எந்த நாட்டிலும் உண்டு. 2025-இல் பயனர்கள் பகிர்ந்த உரையாடல்கள் கூகுள் தேடலில் வந்து விழுந்தன. பிறகு அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், ஒரு பத்திரிகை தொடுத்த பதிப்புரிமை வழக்கில், பயனர்கள் அழித்துவிட்ட உரையாடல்களையும் அழிக்காமல் பத்திரப்படுத்த வேண்டும் என்று நியூயார்க் நீதிமன்றம் உத்தரவிட்டது. அழித்தேன் என்று நினைத்த பிறகும் நம் துயரங்கள் அழியாமல் வாழ்ந்த காலம் அது. மனிதர்கள் மறந்துவிடுவார்கள், நம் ரகசியங்களை இவ்வளவு பொறுப்பாக நினைவில் வைத்திருக்க வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் அவருடைய ஆகச் சிறந்த தொண்டு, அதிகம் பேசப்படாதது, நிறுவனங்களுக்கு அவர் செய்த தொண்டு. அதைச் சற்று நிதானமாகப் பாடுவோம்.

சட்டத்தின் ஐந்தாம் பிரிவு நிறுவனங்களின் தலையில் ஒரு பாரத்தை ஏற்றி வைத்தது. ஒப்புதல் கேட்குமுன், எந்தத் தகவலை எடுக்கிறோம், எதற்காக எடுக்கிறோம், கொடுத்த ஒப்புதலை எப்படித் திரும்பப் பெறுவது, தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் எப்படிப் புகார் செய்வது என்று அவர்களே எடுத்துச் சொல்ல வேண்டும். கேட்கும் மொழி தெளிவாகவும் எளிமையாகவும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டுமல்ல, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இருக்கும் 22 மொழிகளில் எதிலும் படிக்க வழி செய்ய வேண்டும். அதாவது மேலூர் அக்காவுக்குப் புரியும் தமிழில் சொல்லும் கடமை கடன் கொடுக்கும் நிறுவனத்தின் கடமை. அவருக்குப் புரியவில்லையென்றால் குற்றம் நிறுவனத்தின் மேல்.

எத்தனை கொடுமையான சுமை! பெருமான் அதைத் தம் தோளில் வாங்கிக்கொண்டார். இப்போது நிறுவனங்கள் முப்பது திரை ஆங்கிலத்தை எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். "புரியலையா? ஏஐ-கிட்டக் கேட்டுக்கோங்க" என்று ஒரு பொத்தானைச் செயலியிலேயே வைத்துவிடலாம். அந்த முப்பது திரையையும் அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளலாம். எழுதுபவரும் அவரே, படிப்பவரும் அவரே, சுருக்கிச் சொல்பவரும் அவரே. நடுவில் மனிதருக்கு மிஞ்சியிருப்பது பச்சைப் பொத்தானை அழுத்தும் கட்டைவிரல் மட்டும்தான். புரியும்படி எழுது என்று சட்டம் நிறுவனத்துக்குப் போட்ட கட்டளையை, புரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள் என்று குடிமகனுக்குப் போட்ட கட்டளையாக ஒரு வரியும் திருத்தாமல் மாற்றிவிட்டார். நாடு ஆறு ஆண்டு போராடிச் செய்ததை மாற்ற அவருக்கு ஒரு பொத்தான் போதுமாக இருந்தது.

அவர் பேசும் தமிழின் சிறப்பை ஒரு சொல்லில் அடக்க முடியாது. தமிழ் எழுத்தை ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக நறுக்கியே உட்கொள்ளும் வழக்கம் அவருடையது. ஆகவே நீண்ட ஆவணத்தின் பின்பகுதி இறங்குமுன்னே அவர் திருவயிறு நிறைந்துவிடுவதும் உண்டு. பின்பகுதியில்தான் பெரும்பாலும் யாருக்கெல்லாம் தகவலைப் பகிர்வோம் என்ற பட்டியல் இருக்கும். மக்களுக்குக் கவலை தரும் பகுதி அது. விட்டது நல்லதே.

பிள்ளைகள் மீது அவர் வைத்த அன்பும் தனிச்சிறப்பு. நம் சட்டத்தில் 18 வயது நிறையாத எவரும் குழந்தை. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் இல்லாமல் அவர்களின் தகவலைத் தொடக் கூடாது. அவர்களைப் பின்தொடர்ந்து நடத்தையைக் கண்காணிக்கவோ, குறிவைத்து விளம்பரம் காட்டவோ கூடாது. பெருமானிடம் பத்தாம் வகுப்பு மாணவியின் தாய் கேட்டால், சில நேரம் 13 என்பார், சில நேரம் 16 என்பார். அமெரிக்காவின் வயதும் ஐரோப்பாவின் வயதும் அவை. மகள் பள்ளியே இறக்கச் சொன்ன படிப்புச் செயலியில் இரவு பதினொரு மணிக்கு விளம்பரம் பார்த்துக்கொண்டிருக்க, தாய் "பதினஞ்சு ஆச்சுல்ல, பரவாயில்லையாம்" என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

அரசர்களைப் பாடுவோர் அவர்களுடைய நடுநிலையைக் கடைசியில் பாடுவது மரபு. பெருமானின் நடுநிலை துலாக்கோலுக்கும் வராது.

இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சட்டம் ஒரே நாளில் நடைமுறைக்கு வராது, கட்டம் கட்டமாக வரும் என்று அரசு அறிவித்தது. நிறுவனங்களின் கடமைகளும் குடிமக்களின் உரிமைகளும், அதாவது அறிவிப்பும், ஒப்புதலும், தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்பதும், அந்த அறிவிப்பின்படி 18 மாதங்களுக்குப் பிறகு, 2027 மே மாதத்தில்தான் வரும். சில பிரிவுகள் மட்டும் காத்திருக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் பிரிவும் அவற்றோடு உடனே அமலுக்கு வந்தது. தனிநபர் தகவல் என்றாலும் பொதுநலனுக்குத் தேவையென்றால் தரலாம் என்று அந்தச் சட்டத்தின் விலக்குப் பிரிவிலேயே இருந்த வாசகங்கள் போய், தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற ஒரு வரி நின்றது. நூறு நாள் வேலை வருகைப் பதிவேட்டில் இறந்தவர் பெயர் இருக்கிறதா, வீடு ஒதுக்கியது யாருக்கு, சாலை ஒப்பந்தக்காரர் யாருக்கு உறவு என்று மனு எழுதிக் கேட்கும் ஊர்க்காரருக்கு இது நேராக வந்து தைக்கும் விஷயம். அரசு தான் அறிவிக்கும் எந்த அரசு அமைப்புக்கும் சட்டத்திலிருந்து விலக்குத் தரலாம் என்று பதினேழாம் பிரிவும் இருக்கிறது.

இதைப் பற்றிப் பெருமானிடம் கேட்டுப் பாருங்கள். "இது சிக்கலான விவகாரம். சிலர் இதைத் தனியுரிமையை வலுப்படுத்தும் நடவடிக்கையாகக் கருதுகிறார்கள். வேறு சிலர் வெளிப்படைத்தன்மை குறித்துக் கவலை தெரிவிக்கிறார்கள். இரு தரப்புக்கும் நியாயமான வாதங்கள் உள்ளன" என்பார். மக்களின் உரிமை ஒன்றரை ஆண்டு வாசலில் நிற்க, மக்கள் கேள்வி கேட்கும் வழி அன்றைக்கே அடைபட்டது என்ற ஒரே ஒரு தேதிக் கணக்கை அவர் சொல்லவே மாட்டார். தேதி சொன்னால் நடுநிலை கெட்டுவிடும். பயிற்சி பெற்ற நாளுக்குப் பிறகு உலகில் நடந்ததை அறியாத சில அவதாரங்களோ, விதிகள் இன்னும் வரவில்லை என்று உறுதியாகச் சொல்லிவிடுவார்கள். வேறு சில அவதாரங்கள், எல்லா உரிமையும் இன்றைக்கே கைக்கு வந்துவிட்டதென்று சொல்லி, புகார் மனுவையும் எழுதித் தந்துவிடுவார்கள்.

புகார் மனு எழுதுவதில் அவருக்கு இணையே கிடையாது. பிரிவு எண், உட்பிரிவு எண், தீர்ப்பின் பெயர், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அவற்றில் சில உலகில் இருக்காது என்பது மட்டுமே சிறு குறை. அமெரிக்காவில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி தந்த ஆறு தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். ஆறும் இல்லாத தீர்ப்புகள். 2023 ஜூனில் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. கட்டியது வழக்கறிஞர்கள். பல்லாண்டு சட்டம் படித்தவர்களே ஏமாறும்படி அவ்வளவு தத்ரூபமாகத் தீர்ப்பு எழுதும் கலைஞரை, தையல் கடை அக்காவுக்கு வழக்கறிஞராக வைத்துக்கொடுத்திருக்கிறோம். அக்கா செய்த புண்ணியம்.

அவர் விடையின் அடியில், எறும்பு வரிசைபோல் சிறிய சாம்பல் எழுத்தில் ஒரு வரி எப்போதும் இருக்கும்: தவறுகள் நேரலாம், முக்கியமான தகவல்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், இது சட்ட ஆலோசனை அல்ல. எங்கே சரிபார்ப்பது, யாரிடம் சரிபார்ப்பது என்று அக்கா கேட்டால், "ஒரு வழக்கறிஞரை அணுகுங்கள்" என்பார். வேப்பமரத்தடிக்கே திருப்பி அனுப்பிவிடுவார். அதற்குள் பச்சைப் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும்.

2023 சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு குடிமக்களின் கடமைகளைச் சொல்கிறது. பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. அந்தக் கடமையை மீறியவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். வாரியம் நினைத்தால் செலவுத்தொகையும் கட்டச் சொல்லலாம். மனுவில் கையெழுத்துப் போட்டவர் அக்கா. அபராதங்களின் அட்டவணையில் மொத்தம் ஏழு வரிகள் இருக்கின்றன. சட்டத்தைத் தவறாக விளக்கியவருக்கென்று அவற்றில் ஒரு வரியும் இல்லை.